பெட்டிக்குள் அடைபட்ட பெருங்காப்பியம்

பரிசுப் பதிப்பு என்றொரு சரக்கு நம் புத்தகச் சந்தையில் கொடிகட்டிப் பறக்கிறது. தோலட்டை, இல்லையேல் தோலைப் போன்ற அட்டை, முதுகில் பொன்னெழுத்து, ஏட்டு விளிம்புகளில் பொன்பூச்சு, இடையே பட்டு நாடா, இவையனைத்தையும் உள்ளடக்க ஓர் அழகிய பெட்டி. உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரு காப்பியம். கம்பராமாயணம், மகாபாரதம், இலியட், ஈனியட் என்று எதுவாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் வேறுபாடில்லை என்பதே இச்சரக்கின் முதல் இலக்கணம்.

இதனை நாம் எதிர்க்கிறோம். நூல் அழகாக இருப்பதில் நமக்கு மனத்தாங்கல் ஏதுமில்லை. படிக்கப்படாமல் இருப்பதற்கென்றே ஒரு நூல் உருவாக்கப்படுவதும், அதனை இலக்கியத் தொண்டு என்று மேடையில் புகழ்வதுமே நம்மை வருத்துகின்றன. கம்பன் தன் காப்பியத்தை அரங்கேற்றியதாக மரபு சொல்லும் திருவரங்கத்திற்கு எதிர்க்கரையில், மலைக்கோட்டை நிழலில் வாழ்கின்ற நாம் இதைக் கண்டு வாளாவிருத்தல் தகாது. ஆகவே இக்கட்டுரை.

முதலில் ஓர் அயல்நாட்டுச் சான்று. அமெரிக்காவில் ஈஸ்டன் பிரஸ் என்றொரு நிறுவனம் உண்டு. உலகின் தலைசிறந்த நூறு நூல்கள் என்றொரு வரிசையை அது நெடுங்காலம் விற்றது. முழுத்தோல் கட்டும் 22 காரட் பொன் விளிம்பும் அவ்வரிசையின் அடையாளம். ரோமானியக் கவி வெர்ஜிலின் ‘ஈனியட்’ அவ்வரிசையில் இடம்பெற்றது. அத்தகைய ஈனியட் ஒன்றை நம் நண்பர் ஒருவரின் இல்லத்தில் காண நேர்ந்தது. கடல் கடந்து பணியாற்றும் பிள்ளை தந்தைக்கு அனுப்பிய பரிசு. வந்து பல்லாண்டுகள் ஆகிவிட்டன. கையில் எடுத்துப் பிரித்தபோது ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. பொன் விளிம்பிட்ட நூல்களைப் புதிதில் ஒவ்வோர் ஏடாகப் பிரித்துத்தான் விடவேண்டும், யாரும் பிரிக்கவில்லை. பரிசுப் பதிப்பைப் பற்றி நாம் சொல்ல வந்தது முழுவதையும் அந்த ஒட்டிய ஏடுகளே சொல்லிவிடுகின்றன. ஆயினும் வழக்கு என்று வந்துவிட்டால் சான்றுகளை முறையாக அடுக்கவேண்டும்.

*

ஈனியட் பன்னிரண்டு பிரிவுகளும் ஏறத்தாழ 9,900 அடிகளும் கொண்டது. பதினோராண்டு உழைத்தும் வெர்ஜில் அதனை முடித்ததாகக் கருதவில்லை. கி.மு. 19இல் இறக்கும் தறுவாயில் அதை எரித்துவிடச் சொன்னார் என்றும், பேரரசர் அகஸ்டஸ் அவ்விருப்பத்தை மீறி வேரியஸ், டுக்கா என்னும் நண்பர் இருவரைக்கொண்டு வெளியிடச் செய்தார் என்றும் பழைய வரலாறு கூறும். ஆக அரசு முத்திரை பெற்ற காப்பியம்தான். ஆனால் அது வாழ்ந்தது அரண்மனையில் மட்டுமன்று. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பேய் நகரத்துச் சுவர்களில் அக்காப்பியத்தின் தொடக்கச் சொற்களை யார் யாரோ கிறுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு வண்ணார் பட்டறைச் சுவரில் அதைக் கேலி செய்யும் வரியும் உண்டு. பேரரசின் வடகோடியில், இங்கிலாந்தின் விண்டோலாண்டா என்னும் படைமுகாமில் அகழ்ந்தெடுத்த மரப்பலகை ஒன்றில் ஈனியட்டின் ஓரடி எழுத்துப் பயிற்சியாக எழுதப்பட்டுள்ளது. சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முன் ஒரு பிள்ளை கையெழுத்துப் பழகிய பலகை. நம் திண்ணைப் பள்ளிகளில் மாணாக்கர் நல்வழியையும் மூதுரையையும் ஏட்டில் எழுதிப் பழகியதற்கு நிகர்.

ஒரு காப்பியம் உயிரோடு இருப்பதற்கு இவையே அடையாளங்கள்: சுவரில் கிறுக்கப்படுதல், கேலி செய்யப்படுதல், பிள்ளைகளின் பிழையான கையெழுத்தில் திரும்பத் திரும்ப எழுதப்படுதல்.

அச்சு வந்தபின் நடந்ததும் கருதத்தக்கது. 1501இல் வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனுஷியஸ் என்னும் அச்சாளர் வெர்ஜிலின் நூல்களைக் கையடக்கப் பதிப்பாக வெளியிட்டார். அதுவரை லத்தீன் கவிகள் பெரும்பாலும் பெரிய தாளில், நாற்புறமும் உரை சூழ, மேசைமீது வைத்துப் படிக்கும் பதிப்புகளாகவே வந்தனர். ஆல்டஸ் உரையை நீக்கினார்; தாளை மடித்துச் சிறிதாக்கினார்; இடம் குறையச் சாய்ந்த எழுத்தொன்றைச் செதுக்குவித்தார். இன்று நாம் சாய்வெழுத்து என்கிறோமே, அவ்வகை அச்செழுத்தில் முழுமையாக அமைந்த முதல் நூல் அந்த வெர்ஜில்தான். காப்பியம் மேசையை விட்டிறங்கிப் பயணம் போகத் தொடங்கியது. செல்வர்கள் விரும்பியபோது அதே அச்சகம் சில படிகளைத் தோலில் அச்சிட்டும் கொடுத்தது. இதில் நாம் கவனிக்க வேண்டியது, செல்வருக்கும் ஏனையோருக்கும் அளித்த பாடம் ஒன்றே என்பது. உழைப்பு பாடத்தில், ஆடம்பரம் வேண்டியவர்க்கு மேலே ஒரு போர்வை.

இதற்கு எதிரான மரபும் அங்கே உண்டு. இன்றைய பரிசுப் பதிப்புகளுக்குப் பாட்டன் என்று ஜான் டிரைடனின் ஆங்கில வெர்ஜிலைச் சொல்லலாம். மொழிபெயர்ப்பு அருமையானது, நாம் பேசுவது பதிப்பைப் பற்றி. 1697இல் அதனை வெளியிட்ட ஜேக்கப் டான்சன் முன்பணத் திட்டமொன்றை வகுத்தார். ஐந்து கினி கொடுத்தவருக்கு ஒரு படத்தின் அடியில் அவர் பெயரும் குலச்சின்னமும் பொறிக்கப்படும்; இரண்டு கினி கொடுத்தவருக்குப் பெயர்ப்பட்டியலில் ஓரிடம் கிடைக்கும். படங்களோ புதியவை அல்ல. 1654இல் வெளியான வேறொருவர் மொழிபெயர்ப்புக்குச் செய்த பழைய செப்புத் தகடுகள். நூலை மன்னர் மூன்றாம் வில்லியமுக்குக் காணிக்கையாக்கவேண்டும் என்பது டான்சனின் ஆசை, டிரைடன் இசையவில்லை. வணிகர் விடுவாரா? பழைய தகடுகளில் இருந்த ஈனியாஸின் மூக்கைத் திருத்தி, மன்னரின் வளைந்த மூக்கைப் போலாக்கிவிட்டார்.

இந்த மூக்குக் கதையைச் சிரித்துவிட்டுக் கடந்துபோக நம்மால் இயலவில்லை. பரிசுப் பதிப்பின் இலக்கணம் முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. பழைய சரக்கு, புதிய கட்டு, வாங்குபவருக்குப் பெருமை, ஆட்சியில் இருப்பவருக்கு முகமன். கவிஞன் எழுதியது எது என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை.

*

இனி நம் ஊருக்கு வருவோம். திருவரங்கம் பெரிய கோயிலில் தாயார் சந்நிதிக்கு எதிரே கம்பர் மண்டபம் என்றொரு சிறு மண்டபம் இருக்கிறது. அருகில் மேட்டழகிய சிங்கர் சந்நிதி. கம்பன் அங்கே தன் இராமகாதையை அரங்கேற்றினான் என்றும், வான்மீகத்தில் இல்லாத இரணியன் வதையை இடையில் வைத்தது முறையா என்று அவையோர் வினவினர் என்றும், சிங்கப்பெருமாளே தலையசைத்து அதை ஏற்றார் என்றும் மரபுரை வழங்குகிறது. கம்பன் காலம் ஒன்பதாம் நூற்றாண்டா பன்னிரண்டாம் நூற்றாண்டா என்ற வழக்கு நமக்கு இங்கு வேண்டா. மரபுரையின் உட்பொருளே வேண்டும். அரங்கேற்றம் என்பது கேள்விக்கு உட்படுத்துதல். கற்றோரும் ஐயுறுவோரும் மறுப்போரும் கூடியிருந்த இடத்தில் பாட்டைப் பாட்டாக எடுத்து வைத்து, தடை எழுப்பச் சொல்லி, விடை கூறி நிறுவுதல். நம் முன்னோர் வெளியீடு என்று கருதியது இதைத்தான். இன்று வெளியீட்டு விழா என்ற பெயரில் பளபளக்கும் தாளைக் கிழித்துப் பெட்டியை உயர்த்திப் பிடித்துப் புகைப்படம் எடுத்துக்கொள்கிறோம். பெட்டியைத் திறப்பதில்லை. தடை எழுப்புவாரும் இல்லை.

கம்பன் பல நூற்றாண்டுகள் ஓலையில் வாழ்ந்தான். ஓலை படிப்பவனைச் சார்ந்த பொருள். எடுத்து, எண்ணெயிட்டு, படித்து, சிதையுமுன் வேறோர் ஏட்டில் பெயர்த்தெழுதினால் ஒழிய அது நிலைக்காது. படிக்கப்படாத ஏட்டைச் செல் படித்துவிடும். கம்பராமாயண ஏடுகள் மிகுதியாகக் கிடைத்தன. அவற்றுள் பாடபேதங்கள் எண்ணற்றவை, மிகைப்பாடல்கள் ஏராளம். பதிப்பாசிரியர்களுக்கு இது தீராத தலைவலி. ஆனால் இதே தலைவலிதான் கம்பன் எத்தனை கைகளில், எத்தனை நாவுகளில் புழங்கினான் என்பதற்குச் சான்று. பாம்பேய்ச் சுவருக்கும் விண்டோலாண்டாப் பலகைக்கும் ஈடாக நாம் காட்டக்கூடியது இந்தப் பாடபேதக் குவியலைத்தான்.

இக்குவியலோடு மல்லாடியவர்களை நன்றியோடு நினைக்கவேண்டும். வை.மு. கோபாலகிருஷ்ணமாசாரியார் சொல் சொல்லாகப் பிரித்து எழுதிய உரை இன்றும் ஆசிரியர்களுக்கு ஊன்றுகோல். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அறிஞர் குழுவைக்கொண்டு ஏடுகளை ஒப்புநோக்கிப் பல தொகுதிகளாக உரையோடு பதிப்பித்தது. சென்னைக் கம்பன் கழகம் 1976இல் மூலம் முழுவதையும் ஒரே தொகுதியில் அளித்தது. கோவைக் கம்பன் அறநிலை 1990களில் உரையோடு கூடிய தொகுதிகளைக் கொணர்ந்தது. ரசிகமணி டி.கே.சி. பாடல்களைத் துணிந்து விலக்கியதை ஏற்காதவர் பலர், நாமும் ஏற்பதற்கில்லை. ஆயினும் ஒவ்வொரு பாட்டையும் நாவிலிட்டுச் சுவைத்த பின்னரே அவர் விலக்கினார். பொன்விளிம்புக்காரர்கள் எதையும் விலக்குவதில்லை. எதையும் படித்துப் பார்க்காதவர்க்கு விலக்கும் தேவை எழாதல்லவா?

இவ்வரிசையில் நாம் தனியே நிறுத்தி வணங்க விரும்புவது மர்ரே எஸ். ராஜம் அவர்களை. சென்னையில் ஏல வணிகம் நடத்திய மர்ரே நிறுவனத்தோடு சேர்த்து அறியப்பட்ட பெயர். சங்க இலக்கியங்களும் திவ்வியப் பிரபந்தமும் கம்பராமாயணமும் 1950களில் அவரால் வெளிவந்தன. அறிஞர்களைக் கூட்டி வைத்துப் பாடம் ஒப்பிடச் செய்தார். சந்தி பிரித்து, நிறுத்தக்குறி இட்டு, சாதாரணப் படிப்புடையவரும் தடையின்றிப் படிக்கும்படி அச்சிட்டார். எளியவர் வாங்கத்தக்க விலை வைத்தார். பின்னாளில் நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் அவற்றுட் சிலவற்றை மறுபதிப்பாக அளித்தது. பழம்பொருளுக்கு விலை கூறுவதே தொழிலாகக் கொண்ட ஒரு வணிகர் பழந்தமிழைச் சேகரிப்புப் பொருளாக்கவில்லை என்பதை எண்ணிப் பாருங்கள். எது ஏலத்திற்குரியது, எது அன்று என்ற வேறுபாடு அவருக்குத் தெரிந்திருந்தது. நம் பதிப்பாளர் சிலருக்குத் தெரியவில்லை.

*

இன்று விற்கப்படும் கம்பராமாயணப் பரிசுப் பெட்டி ஒன்றைக் கையிலெடுத்து ஐந்து கேள்விகள் கேளுங்கள். பதிப்பாசிரியர் யார்? எந்தப் பதிப்பின் பாடம் பின்பற்றப்பட்டது? மிகைப்பாடல்கள் பிரித்துக் காட்டப்பட்டுள்ளனவா? செய்யுள் முதற்குறிப்பு அகராதி உண்டா? சீரும் சந்தியும் இக்கால வாசகருக்கு ஏற்பப் பிரிக்கப்பட்டுள்ளனவா? ஐந்துக்கும் தக்க விடை தரும் பெட்டி இருந்தால் மகிழ்ச்சி; அதை வாங்குங்கள், இக்கட்டுரை அதைக் குறித்ததன்று. நாம் புரட்டிப் பார்த்தவற்றுள் சிலவற்றில் முதற்கேள்விக்கே விடையில்லை. பதிப்பாசிரியர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வாழ்த்துரை வழங்கிய பெருமக்களின் பெயர்கள் இருக்கின்றன. ஐந்து கினி கொடுத்தவரின் குலச்சின்னம் நினைவுக்கு வருகிறதா?

பதினாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்ட நூலில் முதற்குறிப்பு அகராதி இல்லையென்றால், அந்நூலில் எவரும் எதையும் தேடப்போவதில்லை என்று பதிப்பாளரே முடிவு செய்துவிட்டார் என்று பொருள். ஒரு விருத்தத்தில் ஓரெழுத்துப் பிழைத்தால் சந்தம் இடறும், பொருள் திரியும். அட்டைக்குத் தோல் தேர்ந்தெடுத்த அக்கறையில் பத்தில் ஒரு பங்கேனும் மெய்ப்புப் பார்ப்பதில் செலவிடப்பட்டதா? கம்பராமாயணத்தின் மூலம் இன்று இணையத்தில் இலவசம். மதுரைத் திட்டத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகத்திலும் யாரும் படிக்கலாம். பின்னதில் உரையும் உண்டு. அப்படியிருக்க, பெட்டிக்குக் கொடுக்கும் ஆயிரங்கள் எதற்கான விலை? பாட்டுக்கும் பதிப்புழைப்புக்கும் அன்று என்றால், தோலுக்கும் பூச்சுக்கும்தான்.

இதன் தீங்கை நாம் நாள்தோறும் காண்பது வகுப்பறையில். இளங்கலை மாணவர் பொதுத்தமிழில் கம்பனைச் சந்திப்பது ஒரு படலத்தின் ஒரு பகுதியாக, பத்திருபது பாடல்களாக. தமிழை முதன்மைப் பாடமாக எடுத்தவர் இன்னும் சிறிது கூடுதலாகச் சந்திப்பார். பருவத்தேர்வு முடிந்ததும் அவ்வுறவு முடிகிறது. அவர்களுள் ஒருவர், முன்னும் பின்னும் என்ன வருகிறது ஐயா என்று கேட்டுக்கொண்டு வருவதுண்டு. ஆண்டுக்கு ஒருவர் வந்தால் அது நல்ல ஆண்டு. அந்த ஒருவருக்கு நாம் எதைக் கொடுப்பது? நாமறிந்த கல்லூரி நூலகம் ஒன்றில் கம்பராமாயணத் தொகுதிகள் கண்ணாடி அலமாரியில் பூட்டப்பட்டுள்ளன. விலையுயர்ந்த நன்கொடை என்பதால் இரவல் கிடையாது. சாவி வைத்திருப்பவர் விடுப்பில் இருக்கிறார். மலிவான பழைய பதிப்பு கிழிந்து கழிக்கப்பட்டுவிட்டது. பெட்டிப் பதிப்பு இருக்கையில் அதை மீண்டும் வாங்குவானேன் என்று நூலகக் குழு கேட்கிறது. ஆக, பரிசுப் பதிப்பு படிக்கும் பதிப்பின் இடத்தை அடைத்துக்கொண்டு, தானும் படிக்கப்படாமல், படிக்க வந்தவரையும் திருப்பி அனுப்புகிறது. நம் சினத்திற்கு இதுவே காரணம். செல்வர் வீட்டு வரவேற்பறையில் எது இருந்தாலும் நமக்கென்ன? கேட்டு வந்த பிள்ளை வெறுங்கையோடு திரும்பியது நம் கண்முன் நடந்தது.

சால்வை போர்த்துவதற்குப் பதிலாகப் புத்தகம் வழங்கும் நல்வழக்கம் அண்மை ஆண்டுகளில் பரவியது. நாமும் வரவேற்றோம். ஆனால் சால்வைக்குரிய தகுதிகளையே புத்தகத்திலும் தேடத் தொடங்கினோம். மேடையில் விரித்துக் காட்டினால் பின்வரிசைக்கும் தெரியவேண்டும், பளபளக்கவேண்டும், வாங்கியவர் வேறொருவருக்கு வழங்கினாலும் கசங்காமல் இருக்கவேண்டும். சால்வைக்குப் பதிலாக வந்த புத்தகம் சால்வையாகவே முடிந்துவிட்டது.

*

வெர்ஜிலையும் கம்பனையும் ஒரு தட்டில் வைத்துப் பேசுவது நம் ஊருக்குப் புதிதன்று. கிழக்கே கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர் இத்தாலியில் லத்தீன் பயின்று வந்தவர். தமிழ்க் காப்பிய நெறியைக் கற்று 3,615 பாடல்களில் தேம்பாவணியை இயற்றினார். தம் மொழியின் காப்பியத்தை நெஞ்சில் சுமந்துவந்தவருக்குத்தான் இன்னொரு மொழியின் காப்பியத்துள் நுழைய வழி தெரிந்தது.

அவருக்கு இரு நூற்றாண்டு பிந்தியவர் நம் வரகனேரி வ.வே.சு. ஐயர். திருச்சியில் கற்று, இலண்டனில் சட்டம் பயின்று, புதுச்சேரியில் தலைமறைவு வாழ்வு வாழ்ந்தவர். அவருடைய குருகுலச் சர்ச்சை வேறு வழக்கு. அதை இங்கே மூடி மறைக்கவும் இல்லை, விரிக்கவும் இல்லை. 1920களின் தொடக்கத்தில் பெல்லாரிச் சிறையில் இருந்தபோது கம்பராமாயணம் பற்றிய தம் ஆங்கில ஆய்வை எழுதினார். ஹோமர், வெர்ஜில், மில்டன் ஆகியோரின் காப்பியங்களோடு கம்பனை நேர்நிறுத்தி, கம்பன் அவர்களுக்கு இளைத்தவன் அல்லன் என்றும், வான்மீகிக்கும் மேம்பட்டவன் என்றும் வாதிட்ட நூல் அது. முடிவை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். ஆனால் அந்த வாதத்திற்குத் தேவைப்பட்டவை எவை? ஒரு சிறையறை, கிடைத்த தாள், நினைவில் ஊறிய இரண்டு மூன்று மொழிகளின் கவிதை. அந்நூல் அச்சேறியதோ 1950இல், அவர் மறைந்து கால் நூற்றாண்டு கழிந்தபின், டெல்லித் தமிழ்ச் சங்கத்தின் முயற்சியால். ஈனியட்டுக்குப் பொன் விளிம்பும் கம்பனுக்குப் பட்டுப் பெட்டியும் வாங்கி வைத்திருக்கும் நம் நகரத்து வீடுகளில், இவ்விருவரையும் ஒருங்கே படித்த அந்த வரகனேரிக்காரரின் நூல் எத்தனை வீடுகளில் இருக்கும்?

ஈனியட் எதைப் பற்றியது என்பதையும் சற்று எண்ணவேண்டும். எரிகின்ற நகரிலிருந்து முதிய தந்தையைத் தோளில் சுமந்து, சிறு மகனைக் கைப்பிடித்து, குலதெய்வங்களை எடுத்துக்கொண்டு வெளியேறும் ஒருவனின் கதை. இருளில் மனைவியைத் தவறவிடுகிறான். படகேறுகிறான். கரை கரையாக ஒதுங்கி, இங்கே இருக்கலாமா என்று கேட்கிறான். நம் விமான நிலையத்திற்கு அண்மையில் கொட்டப்பட்டு இருக்கிறது. அங்குள்ள இலங்கைத் தமிழர் முகாமுக்கு 2021 முதல் மறுவாழ்வு முகாம் என்று பெயர். பெயர் மாறினாலும் அங்கே வாழ்பவர்களுக்கு இந்தக் கதையை யாரும் விளக்கவேண்டியதில்லை. ஏறத்தாழ 97,000 நூல்களோடு 1981இல் எரிந்த யாழ்ப்பாண நூலகத்தின் பெயரைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். ஈனியட்டின் இரண்டாம் பிரிவை எளிய தமிழில் சிறு நூலாக அச்சிட்டு அந்தப் பிள்ளைகளின் கையில் கொடுத்தால், வெர்ஜிலைப் பொன் விளிம்புக்காரர்களைவிட அவர்கள் ஆழ்ந்து படிப்பார்கள் என்பதில் நமக்கு ஐயமில்லை. வீடிழந்தவனின் காப்பியம் வீட்டு அலங்காரமாகி நிற்பதைவிடக் கொடிய முரண் வேறென்ன?

*

எதிர்வாதங்கள் வரும். அழகிய நூல்கள்தாம் காலத்தை வென்று நிற்கின்றன என்பார்கள். உண்மை உண்டு. வெர்ஜிலின் மிகப் பழைய சுவடிகளுள் ஒன்று வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது. கி.பி. 400ஐ ஒட்டி எழுதப்பட்டது. 76 ஏடுகளும் 50 ஓவியங்களும் எஞ்சியுள்ளன. செல்வர் ஒருவருக்காகச் செய்யப்பட்ட ஆடம்பரச் சுவடியாகத்தான் இருக்கவேண்டும். ஆனால் அதனைச் செய்தவர்கள் ஒவ்வோர் எழுத்தையும் கையால் எழுதினார்கள். ஓவியன் காப்பியத்தைப் படித்துவிட்டு வரைந்தான். உள்ளே உள்ள உழைப்புக்கு ஏற்ற மேனியழகு அது. மேலும் அந்த ஒரு சுவடியால் மட்டும் வெர்ஜில் பிழைத்திருக்கவில்லை. ஆயிரமாண்டுக் காலம் பள்ளிகளில் எழுதப்பட்ட எளிய படிகளால் பிழைத்தார்.

பரிசுப் பதிப்பின் இலாபத்தால்தான் ஏனைய நூல்களை வெளியிட முடிகிறது என்று பதிப்பாளர் சொல்வார். அப்படியானால் மகிழ்ச்சி. பெட்டிப் பதிப்பு வெளிவரும் அதே நாளில் அதே பாடத்தை மெல்லிய அட்டையில், காண்டம் காண்டமாக, மாணவர் விலையில் வெளியிடட்டும். ஆல்டஸ் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் செய்ததைத்தானே கேட்கிறோம்?

அழகான நூல் வீட்டிலிருந்தால் குழந்தைகள் ஒருநாள் எடுத்துப் படிப்பார்கள் என்பது மூன்றாவது வாதம். குழந்தையின் கை படக்கூடாது என்றுதானே அந்த அலமாரிக்குக் கண்ணாடியும் பூட்டும் போட்டிருக்கிறீர்கள்?

குறை சொல்லிவிட்டுப் போவது எளிது. நம்மால் இயன்றது இது என்று நான்கு சொல்லி முடிக்கிறோம். முதலாவது, கல்லூரிகளும் மன்றங்களும் பரிசளிக்க நூல் வாங்கும்போது மேற்சொன்ன ஐந்து கேள்விகளைக் கேட்கட்டும். விடையில்லாத நூலைத் திருப்பி அனுப்பட்டும். இரண்டாவது, நூலகத்திற்கு விலையுயர்ந்த தொகுதியை நன்கொடையாக அளிப்பவர்கள், இரவல் தரத்தக்க எளிய படிகள் இரண்டையும் சேர்த்தே அளிக்கட்டும். நூலகமும் அதனை நிபந்தனையாக வைக்கட்டும். மூன்றாவது, முழுக் காப்பியத்தையும் ஒருவர் தலையில் கட்டுவதை விடுத்து ஒரு படலத்தைப் பரிசளிக்கும் பழக்கம் வரட்டும். இரணியன் வதைப் படலம் இருநூறு பாடலுக்குள் அடங்குவது. சந்தி பிரித்து, அரும்பத அகராதியோடு அச்சிட்டால் சட்டைப்பைக்குள் அடங்கும். விலையும் ஒரு சிற்றுண்டிச் செலவுக்கு மேல் போகாது.

நான்காவது திருவரங்கத்தைப் பற்றியது. கம்பன் அரங்கேற்றத்தைப் பங்குனி மாதத்தோடு இணைத்துப் பேசுவது மரபு. அம்மாதத்தில் உத்திரத்தன்று தாயார் சந்நிதியில் சேர்த்தி சேவைக்குத் திரளும் கூட்டத்தை ஊரறியும். அவர்கள் கம்பர் மண்டபத்தைக் கடந்துதான் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். விழா நெரிசல் குறைந்த ஒருநாள் மாலையில், அந்தச் சிறு நூலைக் கையில் வைத்துக்கொண்டு, முறையாக இசைவு பெற்று, அந்தப் படலத்தைத் தொடக்கத்திலிருந்து வாசிக்கலாம். ஒலிபெருக்கி வேண்டா, பொன்னாடை வேண்டா, வாழ்த்துரை வேண்டா. வழியே போகிறவர் நின்று, இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்கட்டும். தெரிந்தவர் சொல்லட்டும், தெரியாவிட்டால் அகராதியைப் புரட்டட்டும். இது நடவாத காரியம் என்று கருதும் நண்பர்கள் மறுத்து எழுதட்டும். நடக்கும் என்று கருதுபவர்கள் முதலில் வீட்டிலுள்ள பெட்டியைத் திறந்து ஏடுகளைப் பிரிக்கத் தொடங்கட்டும்.